மலைக்கு அளவெடுத்த வண்டி

மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது சிசி எவ்வளவு, குதிரைத்திறன் எவ்வளவு, மைலேஜ் எவ்வளவு என்பதைத்தான். ஊருக்குள் ஓடும் வண்டிக்கு இந்தக் கேள்விகள் போதும். தார் ரோட்டிலும் தார் தீர்ந்துபோன இடத்திலும், மூட்டை முடிச்சோடு, நாள்கணக்கில் ஓட வேண்டிய வண்டிக்கு இவை போதாது. டூயல் ஸ்போர்ட் டூரர் என்று அழைக்கப்படும் அந்த வகையில் வேறு அளவுகள் முன்னே வந்து நிற்கின்றன. முன் சக்கரத்தின் விட்டம் என்ன, சஸ்பென்ஷன் எவ்வளவு தூரம் அமுங்கி எழும், எஞ்சினின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர், உட்கார்ந்தவரின் கால் தரையைத் தொடுமா, சாய்ந்து விழுந்தால் ஒரே ஆளால் தூக்கி நிறுத்த முடியுமா என்பவை அவை. சென்னையை இருப்பிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு 2016-ல் கொண்டுவந்து 2023-ல் முற்றிலும் புதுப்பித்த ஹிமாலயன், இந்தக் கேள்விகளை ஆராய்வதற்கு நம் கைக்கெட்டிய நல்ல சான்று. இந்த மாடலைப் பற்றி நான் வைக்கும் வாதம் இது: அதன் உடலளவுகள் முதல் தடவையே ஏறக்குறைய சரியாக அமைந்துவிட்டன, எஞ்சின் சக்தி போதவில்லை, தயாரிப்புத் தரமும் தொடக்கத்தில் தடுமாறியது. எஞ்சினைப் பின்னால் மாற்றலாம், தரத்தைத் திருத்தலாம். உடலளவு தவறியிருந்தால் மாடலே எழுந்திருக்காது.

இந்த வகை வண்டிகளின் பழைய வரலாற்றைக் கொஞ்சம் பார்த்தால்தான் இந்த வாதத்தின் எடை புரியும். 1979 ஜனவரியில் டாக்கரை எட்டிய முதல் பாரிஸ்-டாக்கர் பந்தயத்தில் வென்றது யமஹாவின் ஒற்றை சிலிண்டர் எக்ஸ்டி 500. அடுத்த ஆண்டே பிஎம்டபிள்யூ தன் ஆர்80 ஜி/எஸ் மாடலை அறிமுகம் செய்தது. 800 சிசியை ஒட்டிய எஞ்சின், 50 குதிரைத்திறன், 21 அங்குல முன் சக்கரம், பெட்ரோல் நிரப்பிய நிலையில் 186 கிலோ. சாலையில் நாள் முழுக்க ஓட்டக்கூடிய பெரிய வண்டியை மண்பாதைக்கும் இறக்கலாம் என்று அது காட்டியது. 1981-ல் ஊபேர் ஓரியோல் அதே குடும்பத்து வண்டியில் டாக்கரை வென்றார். 1983-ல் யமஹா டெனெரே பெரிய டாங்கியோடு வந்தது, 1988-ல் ஹோண்டாவின் ஆப்பிரிக்கா ட்வின் வந்தது. அதன்பின் நடந்தது வீக்கம். விற்பனை கூடக் கூட எஞ்சினும் பெருத்தது, எடையும் பெருத்தது, விலையும் ஏறியது. ஜி/எஸ் வம்சத்தின் ஆர்1250 ஜிஎஸ் 136 குதிரைத்திறனும் 249 கிலோவுமாக நின்றது. ஆற்றங்கரைச் சேற்றில் அந்த எடை சாய்ந்தால் தனியாளால் தூக்குவது பெரும்பாடு. கவாசாகியின் கேஎல்ஆர் 650 போன்ற ஒருசில வண்டிகளே விதிவிலக்கு; அது 1987-ல் வந்த உருவத்தைப் பெரிதாக மாற்றிக்கொள்ளாமல் முப்பது ஆண்டுக்கு மேல் அமெரிக்கச் சந்தையில் விலை போனது. உலகச் சந்தையின் கீழ்த்தளம், அதாவது எளிய, மலிவான, சுமக்கக்கூடிய பயண வண்டிக்கான இடம், காலியாகவே கிடந்தது. 2016-ல் 182 கிலோ எடையும் 21 அங்குல முன் சக்கரமுமாக வந்த ஹிமாலயனை ஆர்80 ஜி/எஸ் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால், கைவிடப்பட்ட அந்த அளவுக்கே அது திரும்பியிருப்பது தெரியும்.

இந்தியாவில் அந்த இடம் வேறு விதமாக நிரம்பியிருந்தது. 1950களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்கு ராணுவம் 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் ரெட்டிச் நிறுவனத்தோடு கூட்டுச் சேர, என்ஃபீல்டு இந்தியா பிறந்தது, திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. அன்றிலிருந்து அரை நூற்றாண்டுக்கு மேலாக இமயத்தில் ஏறிய மோட்டார் சைக்கிள் என்றால் புல்லட்தான். பாட்டும் படமும் சேர்ந்து அதற்கு ஒரு காவிய நிறத்தைக் கொடுத்துவிட்டன. ஆனால் அளவுகளைப் பார்த்தால் அது மலைக்கென்று செய்யப்பட்ட வண்டியே இல்லை. ஹிமாலயன் வருவதற்கு முந்தைய கிளாசிக், புல்லட் மாடல்களின் தரை இடைவெளி சுமார் 135 மில்லிமீட்டர், பின்பக்க ஷாக் அப்சார்பரின் அசைவு 80 மில்லிமீட்டர்தான், எடையோ 190 கிலோவை ஒட்டியது. ஓட்டுபவரின் இடுப்பும் பொறுமையும்தான் மீதி வேலையைச் செய்தன. கேரியரில் கட்டிய பைகள் குலுங்கிக் கம்பி முறிவதும், கிராங்க் கேஸ் கல்லில் இடிபட்டு ஆயில் வடிவதும் லடாக் பயணத்தின் இயல்பான பகுதிகளாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டன. ஆகவே நிறுவனத்திடம் ஒரு பெரிய சொத்து இருந்தது: தன் வண்டி அந்தச் சாலையில் எங்கெங்கே உடைகிறது என்ற அறிவு. ஹிமாலயனை அந்த அறிவிலிருந்து பின்னோக்கி வரைந்தார்கள் என்பதே அதன் வெற்றிக்கு முதல் காரணம் என்று நினைக்கிறேன்.

வரைந்தவர்களும் சாதாரணமானவர்கள் இல்லை. டுகாட்டியில் பெயர் பெற்ற வடிவமைப்பாளர் பியர் டெர்ப்ளான்ஷ் அப்போது ராயல் என்ஃபீல்டில் இருந்தார். பந்தய வண்டிகளுக்குச் சட்டம் செய்து பேர் வாங்கிய ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தை 2015-ல் ராயல் என்ஃபீல்டு வாங்கியது. ஹிமாலயனின் சட்டம் அவர்கள் கைவண்ணம். முன்னே 21, பின்னே 17 அங்குல ஸ்போக்ஸ் சக்கரங்கள். முன் ஃபோர்க்கில் 200 மில்லிமீட்டர் அசைவு. பின்னே, ராயல் என்ஃபீல்டு வரலாற்றிலேயே முதல் தடவையாக, இணைப்புக் கரங்களோடு கூடிய ஒற்றை ஷாக் அப்சார்பர், அதில் 180 மில்லிமீட்டர் அசைவு. தரை இடைவெளி 220. சீட் உயரம் 800. டாங்கி 15 லிட்டர். இந்த எண்கள் ஒன்றோடொன்று சண்டை போடுபவை. அசைவை நீட்டினால் வண்டி உயரும், தரை இடைவெளியைக் கூட்டினால் சீட் மேலே போகும், சீட் மேலே போனால் சராசரி உயரமுள்ள இந்தியருக்குக் கால் எட்டாது. 2020-ல் வந்த கேடிஎம் 390 அட்வென்ச்சரின் சீட் 855 மில்லிமீட்டர். 200 மில்லிமீட்டர் அசைவையும் 800 மில்லிமீட்டர் சீட்டையும் ஒரே வண்டியில் பொருத்தியதுதான் ஹிமாலயன் வடிவமைப்பின் ஆகச் சிறந்த காரியம். விளம்பரத்தில் இதைப் பெரிதாகச் சொல்ல முடியாது, ஓட்டினால்தான் தெரியும்.

மணாலியிலிருந்து லே போகும் வழியில் பனி உருகி ரோட்டைக் குறுக்கே வெட்டிப் போகும் ஓடைகளை எடுத்துக்கொள்வோம். அங்கே நாளா என்பார்கள். காலையில் கணுக்கால் அளவு இருக்கும் தண்ணீர், வெயில் ஏறிப் பனி உருகியதும் பிற்பகலில் முழங்காலுக்கு வந்துவிடும். அடியில் இருப்பது உருண்டைக் கற்கள், தண்ணீர் கலங்கலாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. முன் சக்கரம் தலையளவு கல்லில் முட்டும்போது, சுமார் 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் அதன்மேல் சரிவாக ஏறுகிறது. சிறிய சக்கரம் இன்னும் செங்குத்தாக மோதி நிற்கப் பார்க்கும், ஹாண்டில் கையிலிருந்து திரும்பப் பார்க்கும். ஏறிய வேகத்தில் ஃபோர்க் அமுங்க வேண்டும். இடமில்லாமல் அடியில் தட்டினால் அந்த அடி நேராகத் தோளுக்கு வரும். நடு ஓடையில் எஞ்சின் நின்றுபோனால் இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும். நுனிக்கால் மட்டும் எட்டுகிற வண்டி சுமையோடு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். ஒரே ஓடையில், பத்தே விநாடிக்குள், சக்கர விட்டமும் அசைவும் சீட் உயரமும் அடுத்தடுத்துச் சோதிக்கப்படுகின்றன. குதிரைத்திறனுக்கு அங்கே வேலையில்லை. கிளட்சைப் பாதி விட்டு, நடைவேகத்தில், எஞ்சின் திணறாமல் இழுக்கிறதா என்பதுதான் மீதமுள்ள ஒரே கேள்வி.

அந்தக் கேள்விக்கு 2016-ன் எஞ்சின் சொன்ன பதிலும் யோசித்துச் சொன்னதுதான். 411 சிசி, சிலிண்டரின் விட்டம் 78 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 86. ஓட்டம் நீண்ட இந்த அமைப்பு அதிக சுழற்சிக்கு ஓடாது, ஆனால் குறைந்த சுழற்சியிலேயே இழுவை தரும். 6,500 சுழற்சியில் 24.5 குதிரைத்திறன், 4,000-க்கும் 4,500-க்கும் இடையே 32 நியூட்டன் மீட்டர் டார்க். காற்றும் ஆயிலும் குளிர்வித்ததால் கல் பட்டுக் கிழிய ரேடியேட்டர் இல்லை. அதிர்வைத் தணிக்கச் சமன்தண்டு சேர்த்தார்கள். 15 லிட்டர் டாங்கியும் லிட்டருக்கு 30 கிலோமீட்டரை ஒட்டிய மைலேஜும் சேர்ந்தால் 400 கிலோமீட்டருக்கு மேல் போகலாம். மணாலி-லே சாலையின் தண்டியில், அடுத்த பெட்ரோல் பங்க் 365 கிலோமீட்டரில் என்று நெடுங்காலம் ஒரு பலகை நின்றதை நினைவில் வைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கலாம். பின்னால் கேரியர், செயினுக்கு ஆயில் போடவும் பஞ்சர் பார்க்கவும் சென்டர் ஸ்டாண்டு, டாங்கியின் இருபுறமும் கேன் கட்டக் கம்பிச் சட்டம் எல்லாம் விலைக்குள்ளேயே வந்தன. விலை அறிமுகத்தில் ஒன்றரை லட்சத்தைச் சற்றே தாண்டியது.

இவ்வளவு சரியாகத் திட்டமிட்ட வண்டி, ஆலையிலிருந்து வெளிவந்தபோது அந்தத் திட்டத்துக்கு நியாயம் செய்யவில்லை. கார்புரேட்டரோடு வந்த முதல் தொகுதி வண்டிகளை வாங்கியவர்களிடமிருந்து எஞ்சின் சத்தம், கிளட்ச், கியர் மாற்றம், மின் இணைப்புகள் என்று புகார்கள் தொடர்ந்தன. 2017 ஏப்ரலில் பிஎஸ்-4 மாசுக் கட்டுப்பாடு அமலுக்கு வர, சில மாதம் கழித்து ஃபியூயல் இஞ்செக்‌ஷனோடு திருத்திய ஹிமாலயன் வந்த பிறகுதான் நிலைமை சீரானது. புதிய எஞ்சின், புதிய சட்டம், புதிய சஸ்பென்ஷன் மூன்றையும் ஒரே மாடலில் அறிமுகப்படுத்தும் நிறுவனத்துக்கு இது எதிர்பார்க்கக்கூடிய சிரமம் என்று சிலர் வாதிடுவார்கள். எனக்கு அது ஏற்பில்லை. ஊருக்குள் ஓடும் வண்டி பழுதானால் பக்கத்துத் தெருவில் ஒரு மெக்கானிக் இருப்பார். தார் தீர்ந்த இடத்துக்குப் போகச் சொல்லி விற்கும் வண்டி பழுதானால், மணாலி-லே சாலையின் பாங் முகாமில் இரவுக் குளிரில் நிற்பது வாங்கியவர்தான். டூயல் ஸ்போர்ட் மாடலுக்கு நம்பகத்தன்மை என்பது கூடுதல் வசதி அல்ல, பாதுகாப்புச் சாதனம். பிரேக் பிடிக்காத வண்டியை எப்படிப் பார்ப்போமோ அப்படித்தான் நடுவழியில் நிற்கக்கூடிய பயண வண்டியையும் பார்க்க வேண்டும். முதல் ஆண்டு வாங்கியவர்களை வைத்துச் சோதனையை முடித்துக்கொள்வது இந்திய வாகனத் தொழிலில் பரவலான வழக்கம். இந்த வகை வண்டியில் அதற்கு மன்னிப்பே கிடையாது.

திருத்தம் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். 2018-ல் ஏபிஎஸ் சேர்ந்தது. 2020-ன் பிஎஸ்-6 மாடலில் பின் சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்கும் பொத்தான் வந்தது. சரளை இறக்கத்தில் பின் சக்கரத்தைச் சற்றே பூட்டி வழுக்கவிட்டு வேகம் குறைக்கத் தெரிந்தவருக்கு, ஏபிஎஸ் குறுக்கே நின்று பிரேக்கை விடுவித்துக்கொண்டே இருந்தால் வண்டி நிற்காது. இந்தச் சிறிய பொத்தான் நிறுவனம் ஓட்டுபவர்களைக் கேட்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். வெளிநாட்டுச் சாலைகளும் பாடம் சொல்லித்தந்தன. பனிக்காலத்தில் உப்புத் தூவும் ரோடுகளில் பிரேக் கேலிப்பர் அரிப்பதைக் கண்டு, 2020-ல் பிரிட்டன், ஐரோப்பா, கொரியாவில் ஹிமாலயன் உட்பட மூன்று மாடல்களில் 15,000-க்கு மேற்பட்ட வண்டிகளை நிறுவனம் திரும்ப அழைத்தது. இதற்கிடையே, மாசுக் கட்டுப்பாட்டுக் கருவியும் ஏபிஎஸ்ஸும் பிறவும் சேர்ந்து 182 கிலோ 199 கிலோவாகிவிட்டது. ஆனாலும் வண்டியின் பெயர் நிமிர்ந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த நோராலி ஸ்கூன்மாக்கர் 2018-ல் இந்தியாவில் ஒரு ஹிமாலயனை வாங்கி மலேசியா வரை ஓட்டி, பிறகு ஓமான், ஈரான், மத்திய ஆசியா வழியாக 2019-ல் தன் நாட்டுக்கே ஓட்டிப் போனார். 2021 டிசம்பரில் மாற்றியமைத்த இரண்டு ஹிமாலயன்கள் தென் துருவத்தை எட்டின. பின்னது நிறுவனமே நடத்திய பயணம், அதை விளம்பரமாகக் கொள்ளலாம். முன்னது அப்படியல்ல, கடையில் வாங்கிய வண்டி, ஒரே ஆள், பல நாட்டு ரோடு. அதற்குத்தான் சான்று என்ற மதிப்பு உண்டு.

எஞ்சினின் குறைக்கு வருவோம். நான்குவழிச் சாலையில் 411-ஐ 90, 95 வேகத்தில் நாள் முழுக்க ஓட்டலாம். அதற்குமேல் லாரியைத் தாண்ட வேண்டுமென்றால் கியரைக் குறைத்து, முன்னே ரோடு நீளமாகக் காலியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் போக வேண்டும். இதை நெடுஞ்சாலைப் பிரச்சினையாக மட்டுமே பலர் பேசினார்கள். மலைக்கு இந்தச் சக்தி போதும், அதிகம் கேட்பது பட்டணத்து ஆசை என்பது அவர்கள் வாதம். காற்றின் இயல்பு இந்த வாதத்தைத் தள்ளிவிடுகிறது. கார்துங் லா 5,359 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் 60 விழுக்காட்டுக்கும் கீழே. எஞ்சின் இழுப்பது காற்றைத்தான், காற்றில் உள்ள ஆக்சிஜன் குறைந்தால் அதற்கேற்பப் பெட்ரோலும் குறைந்துதான் எரியும். கார்புரேட்டர் இதை அறியாமல் தேவைக்கு அதிகமான பெட்ரோலைக் கொட்டி எஞ்சினைத் திணறடிக்கும். ஃபியூயல் இஞ்செக்‌ஷன் காற்றழுத்தத்தை அளந்து கலவையைச் சரிசெய்யும், ஆனால் இல்லாத ஆக்சிஜனை அதனாலும் கொண்டுவர முடியாது. 24.5 குதிரைத்திறன் அங்கே 14-ஐத் தாண்டாது. இரண்டு பைகளும் பின்னால் ஓர் ஆளும் இருந்தால் அந்த 14-ஐ வைத்து ஏற வேண்டும். சக்தி குறைந்தாலும் மலைக்குப் போதும் என்பது சமவெளியில் இருந்துகொண்டு சொல்கிற பேச்சு. சக்தி மிகத் தேவைப்படும் இடத்தில்தான் மலை அதைப் பறித்துக்கொள்கிறது.

2023 நவம்பரில் கோவாவில் விற்பனைக்கு வந்த புதிய ஹிமாலயன் இந்தக் கணக்கைச் சரிசெய்தது. 452 சிசி, தண்ணீரால் குளிரும் எஞ்சின், நான்கு வால்வு, இரட்டைக் கேம்ஷாஃப்ட், 8,000 சுழற்சியில் 40 குதிரைத்திறன், 5,500-ல் 40 நியூட்டன் மீட்டர், ஆறு கியர். கார்துங் லாவில் அது 23-ஐ ஒட்டித் தரும். பழைய 411 சென்னையில் தந்ததற்கு ஏறத்தாழ சமம். விட்டம் 84, ஓட்டம் 81.5 என்று அமைந்ததால் இது சுழன்று சக்தி தரும் எஞ்சின். மிகக் குறைந்த சுழற்சியில் பழைய எஞ்சினின் அந்தச் சோம்பலான, நம்பிக்கையான இழுவை இதில் இல்லை, நடைவேகத்தில் கிளட்சுக்கு வேலை கூடுகிறது. அது இழப்புதான். ஆனால் உடலைப் பாருங்கள்: முன்னே 21, பின்னே 17 அப்படியே, அசைவு இருபுறமும் 200, தரை இடைவெளி 230, சீட்டை 825-லும் 845-லும் வைத்துக்கொள்ளலாம், டாங்கி 17 லிட்டர். எஞ்சினையே சட்டத்தின் சுமைதாங்கும் பகுதியாக்கியதால், இரண்டு லிட்டர் கூடுதல் பெட்ரோலையும் ரேடியேட்டரையும் சுமந்தும் எடை 196 கிலோ, பழைய பிஎஸ்-6 வண்டியைவிட மூன்று கிலோ குறைவு. சட்டம் புதிது, எஞ்சின் புதிது, ஃபோர்க் புதிது. அளவுகள் மட்டும் ஏறக்குறைய 2016-ன் அளவுகள். முதலில் சரியாக அமைந்தவை எவை என்று நிறுவனமே ஒப்புக்கொண்டதற்கு இதைவிட வலுவான ஆதாரம் வேண்டியதில்லை.

புதிய வண்டிக்கு எதிராக எழும் மறுப்புகளில் கனமானது எலக்ட்ரானிக்ஸ் பற்றியது. பழைய வண்டியை எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்துச் சேர்ப்பார், புதியதில் ஆக்சிலரேட்டர் கேபிளே இல்லை, சென்சார் பழுதானால் கம்ப்யூட்டர் இல்லாமல் கைவைக்க முடியாது என்கிறார்கள். சரியான கவலை. ஆனால் அந்த எளிமை 2017-லேயே, இஞ்செக்‌ஷன் வந்தபோதே, பெரும்பகுதி போய்விட்டது. மாசுக் கட்டுப்பாடு இருக்கும்வரை கார்புரேட்டருக்குத் திரும்ப வழியில்லை, திரும்பவும் கூடாது. அந்த மலைகளின் பனிக்கும் நாம் விடும் புகைக்கும் தொடர்பு உண்டு. ஆகவே கேள்வி, சிக்கலான வண்டி வேண்டுமா வேண்டாமா என்பதைக் கடந்து, சிக்கலைக் கையாளும் வழியை யாரிடம் கொடுப்பது என்பதாகிறது. பழுதைக் காட்டும் குறியீடுகளையும் சர்வீஸ் கையேட்டையும் வெளியே எவரும் வாங்கக்கூடிய விலையில் கொடுத்தால் கேலாங்கிலோ கார்கிலிலோ கடை வைத்திருக்கும் மெக்கானிக்கும் இந்த வண்டியைத் தொடலாம். பூட்டி வைத்தால், பழுதான வண்டியை லாரியில் ஏற்றி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கொண்டுபோக வேண்டும்.

இன்னொரு மறுப்பு எடையைப் பற்றியது: 196 கிலோ வண்டியை டூயல் ஸ்போர்ட் என்று அழைப்பதே தவறு, 160 கிலோவுக்குள் நிற்கும் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-தான் உண்மையான மண்பாதை வண்டி என்பது. காட்டுப்பாதையில் ஒருநாள் விளையாடிவிட்டுத் திரும்புவதுதான் நோக்கமென்றால் எக்ஸ்பல்ஸை நானும் சிபாரிசு செய்வேன். ஆனால் பயணம் என்பது இருவர், பைகள், கூடாரம், 3,000 கிலோமீட்டர் என்றால் இலகுவான வண்டி தன் எல்லையைச் சீக்கிரம் தொட்டுவிடும். பயணத்துக்கும் மண்ணுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதில்தான் இந்த வகையின் எல்லா மாடல்களும் வேறுபடுகின்றன. ஹிமாலயன் பயணத்தின் பக்கம் ஓரடி சாய்ந்து நிற்கிறது. ஓசூரில் டிவிஎஸ் ஆலையில் தயாரான பிஎம்டபிள்யூ ஜி310 ஜிஎஸ் 19 அங்குல முன் சக்கரத்தோடு தார் ரோட்டின் பக்கம் இன்னும் அதிகமாகச் சாய்ந்தது. இருந்தாலும் எடை விஷயத்தில் மறுப்பாளர்கள் பக்கம் நியாயம் உண்டு. 1980-ல் 800 சிசி எஞ்சினை வைத்துக்கொண்டு 186 கிலோவில் நின்ற வண்டி இருந்தது என்பதை நினைத்தால், 452 சிசிக்கு 196 கிலோ அதிகம்தான். அடுத்த தலைமுறையில் பத்து கிலோவாவது குறைய வேண்டும்.

வாங்குபவர்களில் பெரும்பாலோர் தாரை விட்டு இறங்குவதே இல்லை, இமயத்து ரோடுகளும் வருடா வருடம் தேறி வருகின்றன, அடல் சுரங்கம் 2020-ல் திறந்தபின் ரோத்தாங் கணவாயையே ஏற வேண்டியதில்லை, பிறகு இந்த அளவுகள் எதற்கு என்றும் கேட்கிறார்கள். தார் போட்ட மலைச்சாலை தாராகவே இருப்பதில்லை. பனியும் நிலச்சரிவும் அதை ஆண்டுதோறும் உடைக்கின்றன. எல்லைச் சாலைகள் அமைப்பு ஒவ்வொரு கோடையிலும் புதிதாகச் சீர்செய்யும் இடங்கள் உண்டு. ரோடு தேறும்போது பயணிகளும் முன்னே நகர்கிறார்கள், நேற்று லே, இன்று ஜான்ஸ்கர், 5,798 மீட்டரில் உம்லிங் லா. சமவெளிக்கும் இந்த வண்டி அந்நியமில்லை. மழைக்குப் பின் குண்டும் குழியுமாகிற நம் மாவட்டச் சாலைகளிலும், அறிவிப்புப் பலகையோ வெள்ளைக்கோடோ இல்லாத வேகத்தடைகளிலும், பாலம் கட்டும் இடத்து மாற்றுப்பாதைகளிலும் 200 மில்லிமீட்டர் அசைவு முதுகைக் காக்கிறது. 21 அங்குல சக்கரம் நெரிசலில் மெல்லத் திரும்பும் என்பது உண்மையான குறை. அந்தக் குறையைப் பொறுக்காதவர்களுக்காகத்தான் 2022-ல் 19 அங்குல சக்கரத்தோடு ஸ்கிராம் 411 வந்தது.

எனக்கு நிறுவனத்தின்மேல் உள்ள பெரிய வருத்தம் சக்கரத்தைப் பற்றியதே. ஸ்போக்ஸ் சக்கரத்தில் கம்பி முனைகள் ரிம்மைத் துளைத்துக்கொண்டு போவதால் காற்று கசியும்; ஆகவே உள்ளே டியூப் வேண்டும். டியூப் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றி, டயரை நெம்பி, டியூபை ஒட்டி, மறுபடி மாட்டி, பம்ப் அடிக்க வேண்டும். மெல்லிய காற்றில், 4,500 மீட்டர் உயரத்தில், ஒரு நெம்புகோலை அழுத்துவதே மூச்சுவாங்கும் வேலை. டியூப்லெஸ் சக்கரமென்றால் துளையில் ஒரு ரப்பர் திரியைச் செருகிக் காற்றடித்துக் கால்மணி நேரத்தில் கிளம்பலாம். காற்றுக் கசியாத ஸ்போக்ஸ் சக்கரம் உலகச் சந்தையில் பல ஆண்டாக இருக்கிறது. 411-க்கு அதன் ஆயுள் முழுதும் அது வரவே இல்லை. 2023-ன் புதிய ஹிமாலயன் 450-யும் இந்தியாவில் டியூபோடுதான் வந்தது. டியூப்லெஸ் ஸ்போக்ஸ் 2024-ல், கூடுதல் பணத்துக்கு, வந்தது. வட்டத் திரையில் கூகுள் வரைபடம் காட்டுவதை முதல் நாளே கொடுக்க முடிந்த நிறுவனம், பஞ்சர் பிரச்சினையை விலைப்பட்டியலில் தனி வரியாக வைத்தது. மலைக்கு அளவெடுத்த வண்டியில் இது எல்லா மாடலுக்கும் பொதுவாக, விலைக்குள்ளேயே வந்திருக்க வேண்டும்.

ஹிமாலயன் 411-ன் தயாரிப்பு 2023-ன் இறுதியோடு நின்றுவிட்டது. ஓரகடத்திலும் வல்லம் வடகாலிலும் செய்த அந்த வண்டிகள் இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன, பல லட்சம் கிலோமீட்டர் பாக்கி இருக்கிறது. புல்லட் அறுபது ஆண்டு ஓடியதற்கு அதன் பாகங்கள் எந்த ஊரிலும் கிடைத்ததே காரணம். 411-க்கும் குறைந்தது பதினைந்து ஆண்டுக்கு உதிரிப் பாகங்கள் கிடைக்கும் என்று ராயல் என்ஃபீல்டு எழுத்தில் அறிவிக்க வேண்டும். சர்வீஸ் கையேட்டையும் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும். பழைய ஹிமாலயன் வாங்க நினைப்பவர்கள் 2017-ன் பிற்பாதிக்கு முந்தைய கார்புரேட்டர் வண்டியைத் தவிர்த்துவிட்டு, 2020-க்குப் பின் வந்த பிஎஸ்-6 வண்டியைத் தேடுவது நல்லது.